விதைக்கும் கையும் கொல்லா நோன்பும்



கடந்த தைத் திங்களில் ஒரு நண்பகல். எம் இல்லத்தில் அனைவரும் உண்ண அமர்ந்திருந்தோம். அன்று அவரைக்காய்க் கூட்டு. எம் வீட்டுப் பின்புறப் பந்தலில் காய்த்த முதற்காய்கள் அவை. ஒன்பது வயதுடைய எம் பேத்தி கூட்டை மட்டும் தொடவில்லை. தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். காரணம் வினவினோம். "தாத்தா, ஆடி மாதத்தில் குழிக்கு மூன்று விதை போட்டீர்கள். முளைத்தபின் ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பிடுங்கி எறிந்தீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முளைகட்டிய பயறு உண்ணலாகாது, அதில் உயிர் உண்டு என்று பாட்டி சொல்கிறாள். பிடுங்கி எறிந்ததில் உயிர் இல்லையா?" என்றாள்.

எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. மருமகள் குழந்தையை அதட்ட முற்பட்டாள், யாம் தடுத்தோம். கேட்டவள் சிறுமியேனும் கேள்வி சிறிதன்று. நம் சமயத்தின் அடித்தளத்தைத் தொடும் கேள்வி அது. அதற்கு யாம் தேடிய விடையை நம் குடும்பத்தினர் அனைவரும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்னும் விழைவினாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

விதையுள் உறையும் உயிர்

புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்பது நம் கோட்பாடு. தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுத்து, தொடுதல் உணர்வு ஒன்றே உடையவை புல்லும் மரமும் எனக் கூறுவதை நாம் அறிவோம். நம் ஆகமங்கள் நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஐவகை உடல்களில் உறையும் இவ்வுயிர்களை நிலையுயிர் என்றும், இரண்டறிவு முதலாக ஐந்தறிவு ஈறாக உள்ளவற்றை இயங்குயிர் என்றும் பகுத்தன.

விதையின் நிலை இன்னும் நுட்பமானது. உலர்ந்த விதை வெறும் சடப்பொருள் அன்று. உயிர் வந்து தோன்றுதற்குரிய பிறப்பிடமாகிய யோனி அது. அந்த ஆற்றல் எத்துணைக் காலம் நீடிக்கும் என்பதையும் முன்னோர் ஆராய்ந்துள்ளனர். நெல், கோதுமை முதலிய தானியங்களுக்கு மிகுதியாக மூன்றாண்டும், பயறு, உளுந்து, எள், கொள்ளு முதலியவற்றிற்கு ஐந்தாண்டும், ஆளி முதலிய வேறு சிலவற்றிற்கு ஏழாண்டும் என வடநாட்டுச் சுவேதாம்பர மரபின் பகவதி சூத்திரம் வரையறை கூறுகின்றது. இன்றைய விதை நூலாரும் விதையின் முளைப்புத் திறனுக்கு எல்லை உண்டு என்றும், அது விதைக்கு விதை மாறுபடும் என்றுமே கூறுகின்றனர்.

இனி, நீர் பட்டு முளை வெளிப்படும் அந்த இளம்பொழுதில் ஓர் உடலை அளவற்ற உயிர்கள் பகிர்ந்து உறைவதாக நம் பெரியோர் கூறுவர். முளைகட்டிய பயற்றை நம் இல்லங்கள் பலவற்றில் விலக்குவது இக்காரணம் பற்றியே. 1901ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள் தாவரத்தின் துலங்கலைக் கருவி கொண்டு காட்டியபோது உலகம் வியந்தது. நம் பாட்டிமாருக்கு அது புதுமையாக இருந்திராது.

எனவே பேத்தியின் கேள்விக்கு, "அவற்றில் உயிர் இல்லை" என்று கூறித் தப்பிக்க வழியில்லை. பிடுங்கியது உயிரையே. உண்மையை ஒப்புக்கொண்ட பிறகே மேலே செல்ல வேண்டும்.

ஏர் பிடித்த சமணர்

வணிகம் செய்யும் வடநாட்டுச் சமண உடன்பிறப்புகளைப் போலன்றி, தமிழ்ச் சமணராகிய நம்மில் பெரும்பாலோர் வழிவழியாக உழவர். யாம் பிறந்தது வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில். நெல்லும் மணிலாவும் பயறும் விளைந்த நிலத்தில் எம் தந்தையார் ஏர் பிடித்தார். பொழுது சாயுமுன் உண்டார். நீரை வடிகட்டியே பருகினார். இரண்டும் ஒருவரிடத்தே முரணின்றி வாழ்ந்ததை யாம் கண்ணாரக் கண்டோம். பணியின் பொருட்டு மதுரைக்கு வந்து, நாகமலையின் அருகே மனை வாங்கிக் குடியேறிய பின்னரும் விதைக்கும் பழக்கம் எம்மை விடவில்லை. மாடியில் நின்றால் கீழக்குயில்குடிச் சமணர் மலை தெரியும். செட்டிப்பொடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் அமர்ந்துள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களை நினைந்து கொண்டே காலையில் செடிகளுக்கு நீர் ஊற்றுவது எம் வழக்கம்.

இந்த முரண் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையவை அவை. உப்பு வணிகன், பொற்கொல்லன் ஆகியோருடன் கொழு வணிகன் ஒருவனும் அங்கே இடம்பெறுகிறான். கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை, மண்ணைக் கிழிப்பது. எறும்புக்கும் வழிவிட்டு நடந்த முனிவர்கள், மண்ணைக் கிழிக்கும் இரும்பை விற்றவன் அமைத்துத் தந்த படுக்கையில் துயின்றார்கள். அவனை அவர்கள் விலக்கவில்லை. அவனும் தன் தொழிலை மறைக்கவில்லை. கல்லில் வெட்டி வைத்தான்.

கிழக்கே யானைமலைக்குச் சென்றாலும் இதே காட்சி. மலைப்பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் அச்சணந்தி அடிகளின் பெயரும் உள்ளன. அம்மலையின் அருகே ஒத்தக்கடையில், 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரி விதை ஆய்வும் பயிர் ஆய்வும் நடத்துகின்றது. மேலே துறவும் கீழே உழவும் ஒரே மலையின் நிழலில் இருக்கின்றன.

உழவைக் கற்பித்தவர் யார்? கற்பக மரங்கள் வற்றிய காலத்தில் மக்கள் பசியால் வாடியபோது, ஆதிநாதப் பெருமானே வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் அறுவகைத் தொழில்களைக் கற்பித்தருளினார் என்று நம் புராணங்கள் கூறும். அப்பெருமானே பின்னர் அனைத்தையும் துறந்து கொல்லா நெறியின் முடிவைக் காட்டினார். உழவு வீட்டுநெறியன்று; வீட்டுநெறியை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு வயிறு நிறைய அமைந்த படி அது.

எம் கை செய்த குற்றம்

அறிவுரை கூறுமுன் எம் குற்றத்தைக் கூறிவிடுதல் முறை. ஏழாண்டுகளுக்கு முன் ஒரு மாசித் திங்களில் எம் அவரைச் செடிகளின் கொழுந்துகளில் அசுவினி கூட்டங் கூட்டமாக ஒட்டியது. கருநிறச் சிறு பூச்சிகள் அவை. அவை கசியவிடும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் சாரிசாரியாக ஏறின. கடையொன்றில் பொடி ஒன்றை வாங்கி வந்து மாலையில் தூவினோம். பெயரைப் படித்தோமேயன்றி அதன் பயனை எண்ணவில்லை.

விடியற்காலையில் சென்று பார்த்தோம். செடிகளின் அடியில் எறும்புகள் கருங்குவியலாகக் கிடந்தன. அவற்றினிடையே செந்நிறப் பொறிவண்டுகள் சில மல்லாந்து கிடந்தன. அசுவினியை உண்டு செடியைக் காப்பவை அவ்வண்டுகளே என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். காவலர் இறந்தமையால் இரண்டு வாரத்தில் அசுவினி முன்னிலும் மிகுந்து வந்தது. செடிகளும் பிழைக்கவில்லை.

இல்லறத்தார்க்கு விதித்த கொல்லாமை அணுவிரதம் யாது? இயங்குயிர்களை மனம், மொழி, மெய்களால் அறிந்தே கொல்லாமை, கொல்விக்காமை, கொல்வதற்கு உடன்படாமை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அவ்வழியில் எழுந்த நம் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குக் காட்டும் எல்லை இது. எறும்பு மூன்றறிவுயிர், வண்டு நான்கறிவுயிர். அன்று யாம் மீறியது இந்த எல்லையையே. செடியைக் காத்தோம் என்று கூறிக்கொள்ளவும் வழியில்லை. அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் எம் வாய் சொற்களைச் சொல்லியது. நெஞ்சு குவியலையே கண்டுகொண்டிருந்தது.

வாங்குவோர் தூயரோ?

"இத்தொல்லை எதற்கு? மாட்டுத்தாவணிச் சந்தையில் எல்லாக் காயும் கிடைக்கின்றன. விதைக்காமல் வாங்கி உண்டால் பாவமில்லையே!" என்று நண்பர் ஒருவர் கூறினார். நகரத்தில் வாழும் நம்மவர் பலரும் மனத்தளவில் இவ்வாறே எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணம் பொருந்தாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் நம் நூல்கள் ஒருங்கே எண்ணுகின்றன. எமக்குப் பதிலாக எங்கோ ஒருவர் விதைக்கிறார், களைகிறார், மருந்து அடிக்கிறார். மூட்டையில் வரும் காயில் அவ்வுயிர்களின் கணக்கு எழுதப்பட்டிருக்கவில்லை, அவ்வளவே. சமவெளியின் வெப்பத்தில் பட்டாணி செவ்வனே வளராது. கொடைக்கானல் மலைச்சரிவுகளில் விளைந்து நமக்கு வருகின்றது. அம்மலைத் தோட்டத்தில் எத்தனை முறை மருந்து தெளித்தனர் என்பதை நாம் கேட்டதுண்டா? காணாதது நேராதது ஆகிவிடாது.

எனினும் விதைப்பவனே சிறந்தவன் என்று முடிவு கட்டுவதும் பிழை. நாள்தோறும் பிடுங்கும் கை மரத்துப் போகக்கூடும். எம் கை அவ்வாறு மரத்துப் போயிருந்ததனால்தான் பேத்தி கேட்கும் வரை இரண்டு நாற்றைப் பிடுங்குவது எமக்கு ஒரு செயலாகவே தோன்றவில்லை.

அப்படியாயின் இம்சையை அளப்பது எங்ஙனம்? உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் பிரிவதை மட்டும் கூறவில்லை. மடிமையும் கவனமின்மையும் கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதையே கூறுகின்றார். பிற்காலப் பெரியோர் இம்சையை நான்காகப் பகுத்தனர்: எண்ணித் துணிந்து செய்வது, இல்லற வினைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தான் முற்றும் விலக்கவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும்.

"இயன்றவரை" என்னும் அச்சொல்லில்தான் நாம் ஏமாறுகின்றோம். இயன்றது எது என்பதை அறியாமலேயே இயலாது என்று கூறிவிடுகின்றோம். குழிக்கு மூன்று விதை இடுவது ஏன்? விதையின் முளைப்புத் திறனை அறியாமையால். இருபது செடிக்காக அறுபது விதை ஊன்றி, ஐம்பது முளைத்து, முப்பதைப் பிடுங்கி எறிந்தோம். அம்முப்பது உயிரும் எம் பசிக்காக மடியவில்லை. எம் அறியாமைக்காக மடிந்தன. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளில் ஞானம் ஒழுக்கத்திற்கு முன் நிற்பதன் பொருளை எம் முதுமையில், ஓர் அவரைக் குழியின் அருகே கற்றோம்.

அறிந்து விதைத்தல்

பேத்தியிடம், "இத்தையில் நீயும் எம்முடன் விதை, ஒன்றைக்கூடப் பிடுங்காமல் வளர்க்க முடிகிறதா பார்ப்போம்" என்றோம். ஒப்புக்கொண்டாள். யாங்கள் செய்தவற்றை நம் இல்லங்களுக்குப் பயன்படும் என்று கருதிச் சற்று விரித்துரைக்கின்றோம்.

முதலாவது பருவம். குளிர்நாட்டார் இளவேனில் தொடக்கத்தில் அவரை, பட்டாணி நாற்றுகளைச் சாளரத்தின் அருகே வைத்து வெப்பத்திற்காகக் காத்திருப்பர். நமக்கோ வெப்பம் மிகுமுன் வேரூன்றச் செய்வதே கவலை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் எஞ்சி, வெயில் கடுமையாகாத தைத் திங்களே மதுரைச் சமவெளியில் பயறு வகைகளுக்கு ஏற்ற இளம்பருவம். பந்தல் அவரை பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூக்கும். ஆதலின் அதற்கு ஆடிப்பட்டம். குத்தவரைக்கும் தட்டைப்பயற்றுக்கும் தை பொருந்தும். பருவந்தவறி விதைத்த செடி நலியும். நலிந்த செடியைப் பூச்சி நாடும். பூச்சியை மனிதன் கொல்வான். பருவம் பார்ப்பது வேளாண்மை மட்டுமன்று, அறமும் ஆகும்.

இரண்டாவது விதைக் காப்பு. பயற்றுவண்டு விதையின் தோல்மீது வெண்புள்ளி போல முட்டையை ஒட்டிவிடும். அதிலிருந்து வரும் புழு விதையைத் துளைத்து உள்ளே வளரும். வண்டு விழுந்தபின் வெயிலில் கொட்டினால் புழுக்கள் உள்ளேயே மடியும். நம் முன்னோர் காய் முற்றியதும் பறித்து, நன்கு உலர்த்தி, செம்மண் கட்டியோ சாம்பல் கலந்தோ மண்பானையில் மூடி வைத்தனர். பிறந்தபின் கொல்லுதலைவிடப் பிறக்க இடங்கொடாமை மேல் என்பது அவர்கள் கண்ட நெறி.

மூன்றாவது தேர்வு. சுருங்கியதும் துளைபட்டதும் நீக்கி, பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்தோம். ஐந்தாம் நாள் ஒன்பது முளைத்திருந்தன. அரசுச் சான்று பெறும் பயறு விதைக்கு நூற்றுக்கு 75 முளைத்தால் போதும். எனவே எம் விதை நன்று எனத் தெளிந்தோம். சோதனைக்கு முளைத்தவற்றை எறிவதே உலக வழக்கம். யாங்கள் அவ்வொன்பதையும் வேர் ஒடியாமல் ஊன்றினோம். பின்னர் பன்னிரண்டு விதை மட்டுமே எடுத்தோம்.

நான்காவது ஊன்றுதல். கண் துளைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் செம்மண், மணல், நன்கு மக்கிய சாணம் ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, சிரட்டைக்கு ஒரே விதையாக ஓரங்குல ஆழத்தில் இட்டோம். மக்காத சாணம் வேரழுகலை வரவழைக்கும். பயறு வகைகளை இரவெல்லாம் நீரில் ஊறவைக்கும் பழக்கமும் தீது. நீரை வேகமாகக் குடித்த விதை வெடிக்கும், காற்றின்றி அழுகும். முதலில் மண்ணை நனைத்து, ஈர மண்ணில் உலர்ந்த விதையை இட்டு, முளை தெரியும்வரை மேலும் நீர் ஊற்றாதிருத்தல் நலம். முளைத்தபின்னும் காலையில் மட்டும் அளவாக ஊற்றினோம். இளநாற்றுகளைக் கொல்வதில் வறட்சியைவிட மிகை நீருக்கே பங்கு மிகுதி. அன்பும் அளவு மீறினால் இம்சையாகும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

ஆறாம் நாள் முதல் முளைகள் வளைந்த கழுத்துடன் மண்ணைப் பிளந்து எழுந்தன. அவரையும் தட்டையும் தம் இரு பருப்புகளையும் மண்ணுக்கு மேலே தூக்கி வரும். துவரையும் பட்டாணியும் அவற்றை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடும். அப்பருப்புகள் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. முதலிலை இரண்டும் விரிந்து, மூன்று சிற்றிலைகள் கொண்ட இலை தோன்றும்போது அவை வற்றி உதிர்ந்துவிடும். பன்னிரண்டில் பதினொன்று முளைத்தன. முன்னர் ஊன்றிய ஒன்பதும் சேர்ந்து இருபது. ஒன்றும் பிடுங்கப்படவில்லை. வேர் நீண்டு சிரட்டையைத் தொடுமுன், மண்ணோடு எடுத்து நிலத்தில் நட்டோம்.

ஐந்தாவது, ஒட்டி வாழும் பிற உயிர்கள். பயற்றின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஊட்டும். செடி அதற்கு இனிப்புச் சத்தை ஈயும். ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் 1886ஆம் ஆண்டை ஒட்டி இவ்வுறவைத் தெளிவுபடுத்தினர். உயிர்கள் ஒன்றற்கொன்று துணை செய்தலைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாம் அத்தியாயத்தில் உயிரின் பயனாகவே கூறியுள்ளது. அரிசிக் கஞ்சியில் அந்நுண்ணுயிர்க் கலவையைக் கரைத்து, விதைமீது பூசி நிழலில் உலர்த்துவது இன்று உழவர் அறிந்த முறை. உப்பு உரம் குறையும். மிகை உரத்தால் கொழுக்கும் இளந்தளிரும் குறையும். அதனை நாடும் அசுவினியும் குறையும்.

அசுவினி இவ்வாண்டும் இரண்டு செடிகளில் வந்தது. யாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அவ்விரு செடிகளையும் அவற்றிற்கே விட்டுவிட்டோம். சில நாட்களில் பொறிவண்டுகள் தாமே வந்தன. வண்டு அசுவினியை உண்பது இம்சையன்றோ எனின், ஆம். ஆனால் அதில் எம் கை இல்லை. எம் ஏவலும் இல்லை. வண்டுகளைப் பிடித்து வந்து விட்டிருந்தால் அது செய்வித்தல் ஆகியிருக்கும். எம் இல்லாள் வாசலில் பச்சரிசி மாவால் இடும் கோலத்தை எறும்புகள் நாள்தோறும் உண்டு செல்கின்றன. ஏழாண்டுக்கு முன் கொன்றவற்றிற்கு அது ஈடாகாது. எனினும் அதனைக் காணுந்தோறும் எம் குற்றம் எம் நினைவுக்கு வருகின்றது. வரவும் வேண்டும்.

எஞ்சும் கடன்

இவ்வளவும் செய்தபின் எம் தோட்டம் இம்சையற்றதாகி விட்டதா? இல்லை. மண்ணைக் கிளறியபோது மடிந்தவை எத்தனையோ! நீரில் அழிந்தவை எத்தனையோ! பறித்த காயும் உயிருடையதே. இதனை அகிம்சை என்று பெயரிட்டு மகிழ்ந்தால், நம்மை நாமே ஏமாற்றியவராவோம். முப்பது பூச்சியமாயிற்று; அவ்வளவே. கணக்கு முடிந்துவிடவில்லை.

கவுந்தியடிகளை நினைவு கொள்வோம். கோவலன் கண்ணகியோடு மதுரைக்குப் புறப்படுகையில், வயல்வழியே சென்றால் கரையில் ஊரும் நண்டையும் நத்தையையும் அறியாது மிதிக்க நேரும். அத்துன்பம் தாங்கவொண்ணாதது என அவ்வடிகள் எச்சரித்ததைச் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை கூறும். ஆயினும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. அஞ்சி அஞ்சி நடந்தார். அந்த அச்சமே அவரது நோன்பு. சிராவகனுக்குரிய பதினொரு படிகளில் ஐந்தாவது உயிருள்ள பசும்பொருளை அவ்வாறே உண்ணாமை. எட்டாவது உழவும் வாணிகமும் முதலிய தொழில்களை அறவே விடுத்தல். படிகள் இருப்பது ஏறுவதற்கு. கீழ்ப்படியில் நிற்பவன் அதனையே உச்சி என்று கருதலாகாது. கீழ்ப்படியில் நிற்கிறேன் என்பதற்காக வழுக்கி விழவும் வேண்டுவதில்லை.

பேத்தியின் முதற்கேள்விக்கு எம் விடை இதுவே. முளைகட்டிய பயற்றை உண்பது, தொடங்கிய வாழ்வை நாவின் பொருட்டு அப்பொழுதே முடிப்பது. விதைப்பது அவ்வாழ்வு தன் முழு அளவை எய்த இடமளிப்பது. முன்னதை விலக்குவது எளிது, ஆதலின் விலக்குகின்றோம். பின்னதிலும் பிழை உண்டு. அப்பிழை தவிர்க்கக் கூடியது என்று தெரிந்தும் செய்தால் அது இல்லறத்தின் தேவையன்று, சோம்பலின் குற்றம். "நீ சுட்டிக்காட்டும்வரை யாம் செய்தது அக்குற்றமே" என்று அவளிடம் ஒப்புக்கொண்டோம்.

அவள் நெடுநேரம் எண்ணினாள். பின், "முளைக்காமற் போன இரண்டு விதைகளில் உயிர் செத்துவிட்டதா, வரவே இல்லையா, தாத்தா?" என்று வினவினாள். அதற்கு விடை கேவலஞானியர் அறிவர் என்றோம். அவ்விரண்டையும் பூவரச மரத்தடியில் மண்ணுக்குள் வைத்து மூடினாள்.

பங்குனித் தொடக்கத்தில் குத்தவரை பூத்தது. முதற்காய்களைப் பறித்தபோது, ஒரு செடியில் நான்கு காய்களை முற்றவிட்டு விதைக்கு வைக்கவேண்டும் என்று அவளே குறித்தாள். அன்று கூட்டை ஒதுக்காமல் உண்டாள். உண்ணுமுன் சற்றே தலைகுனிந்து நின்றாள். என்ன சொன்னாள் என்று யாம் கேட்கவில்லை.

பெருமக்களே! நம் பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது அதட்டாதீர்கள். விலக்கு, நோன்பு, விரதம் என்பவற்றைப் பட்டியலாக ஒப்புவிக்கக் கற்பிப்பதோடு நில்லாமல், ஒரு சிரட்டையில் ஒரு விதையை அவர்கள் கையால் ஊன்றச் செய்யுங்கள். அதனைக் காக்கும் பொறுப்பில் அவர்கள் அறிவது ஏட்டில் அறிவதினும் ஆழமாக நிற்கும்.

கொல்லா நெறி வாழ்க! நல்லறம் ஓங்குக!